ஒரே குரூப்

நம்ம குரூப் ஜெயிச்சிடுச்சுடி. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவள் வந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பண்ருட்டியில் பஸ் ஏறியதிலிருந்து யார் எங்கே இடித்தார்கள், கண்டக்டர் எப்படி முறைத்தான் என்று ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும், ஆரம்பித்துவிட்டால் அஞ்சலாட்சியை நிறுத்த முடியாது. எனக்கும் அவளுக்கும் இந்த ஆஸ்பத்திரியில்தான் ஒரே வாரத்தில் இடது மார்பை எடுத்தார்கள், ஒரே நாளில்தான் இந்த ஆராய்ச்சியில் சேர்த்தார்கள், அன்றைக்குத் திறந்த வாயை அவள் இன்னும் மூடவில்லை. நான் பெரம்பூரில் பிளவுஸ் தைக்கிறவள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பாதி ஆயுசு போய்விட்டதால் எனக்குப் பேச்சு குறைவு, அவள் எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். காலையில் நான் வந்ததும் வராததுமாக பெனிட்டாதான் சொன்னாள். இந்த ஆராய்ச்சி ரூமில் எங்களைக் கேள்வி கேட்டு எழுதிக்கொள்கிற பெண் பெனிட்டா. "அம்மா, உங்க குரூப்புக்கு ரிசல்ட் ரொம்ப நல்லா வந்திருக்கு. நோய் திரும்ப வந்தவங்க ரொம்பக் கம்மி. டாக்டர் பெரிய மீட்டிங்ல வாசிக்கப் போறார்" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டேன். பத்தாம் கிளாஸிலேயே கோட்டை விட்டவள் நான். நான் இருந்த பக்கம் ஜெயித்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் ஓசூரில் கம்பெனி ஷிப்டில் இருப்பாள், ஆனால் இது அவர்களிடம் சொல்கிற விஷயமும் இல்லை. இது அவளிடம் சொல்கிற விஷயம். அதனால்தான் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பலாப்பழ வாசனை இன்னும் வரவில்லை. போன பலா சீசனில் அவள் இந்த வராந்தாவில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் நர்சுகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு காத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார், பாவம். கண்ணால் பார்க்கும் முன்னாலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும் அவள் வருகிறாள் என்று. இப்போது டெட்டால்தான் வருகிறது, கேண்டீன் சாம்பார் வருகிறது, பக்கத்து வரிசையில் யாரோ வைத்திருக்கிற மல்லிகை வருகிறது. சேர்ந்த அன்றைக்கும் இதே டெட்டால்தான். டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார், இரண்டு குரூப், ஒரு குரூப்புக்கு வழக்கமாகத் தருகிற மாத்திரை மட்டும், இன்னொரு குரூப்புக்கு அதோடு ஒரு புது மாத்திரை, எந்த குரூப் பெண்கள் அதிக நாள் நோயில்லாமல் இருக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறோம், யார் எந்த குரூப் என்பதை நாங்கள் முடிவு பண்ணுவதில்லை, கம்ப்யூட்டர் பண்ணும். அஞ்சலாட்சி உடனே, "எது நல்ல மாத்தரன்னு உங்களுக்கே தெரியாதா சார்?" என்று கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது, டாக்டரிடம் இப்படியா கேட்பார்கள். அவர் கோபப்படவில்லை. "தெரியாதும்மா. தெரிஞ்சா ஆராய்ச்சி எதுக்கு?" என்றார். வெளியே வந்ததும் இவள் சொன்னாள், "தெரியாதுன்னு சொன்ன மொத டாக்டரு இவருதான்கா. இவர நம்பி கையெழுத்துப் போடலாம்." போட்டோம். கம்ப்யூட்டர் எங்கள் இரண்டு பேரையும் புது மாத்திரை குரூப்பில் தள்ளியது. ஒரே பக்கம், ஒரே வாரம், ஒரே மாத்திரை. எனக்கு வாய்ப்புண் வந்த வாரம் அவளுக்கும் வந்தது, அவளுக்கு நகம் கறுத்தபோது எனக்கும் கறுத்தது. "பாத்தியாக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே அச்சு. உனுக்கு இன்னா ஆவுதோ அதான் எனுக்கும். நீ நல்லா இருந்தா நான் நல்லா இருக்கறன்னு அர்த்தம்" என்றாள். அவள் சொன்னது எனக்கு வேத வாக்காகப் பிடித்துக்கொண்டது. அது அப்படி இல்லை என்று யாராவது படித்தவர்கள் விளக்கியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

டோக்கன் பலகையில் நம்பர் மாறவே இல்லை. டிவியில் ஒருத்தி சத்தமில்லாமல் குழிப்பணியாரம் சுடுகிறாள். பக்கத்து நாற்காலியில் என் பைக்குள் டப்பா இருக்கிறது, கை பட்டால் கலகலவென்கிறது. இது ஒரு வெட்கக்கேடு. புது மாத்திரை டப்பாவை ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கொண்டுவந்து பெனிட்டாவிடம் கொடுக்க வேண்டும், மிச்சம் இருந்தால் அவள் தட்டில் கொட்டி எண்ணி எழுதிக்கொள்வாள். நாங்கள் எங்கே அதைப் பாயசத்தில் போட்டு விருந்து வைத்துவிடுவோமோ என்று கம்பெனிக்காரனுக்குப் பயம் போலிருக்கிறது. எனக்கு எப்போதும் மிச்சம் இருக்கும், ஆடி மாதம் ஆர்டர் வந்து மிஷினில் உட்கார்ந்தால் சோறே மறந்துவிடும், மாத்திரை எங்கே. நான் நடந்து வரும்போதே பை கலகலக்கும், அஞ்சலாட்சி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வரா பாரு கிலுகிலுப்ப" என்று கத்துவாள். அவள் பை சத்தம் போட்டதே இல்லை. மஞ்சள் துணிப்பையில் காலி டப்பாவை வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி வருவாள். ஒருநாள் கூடத் தவறவிட்டதில்லை, பேத்தி காதுகுத்தில் கூடப் பந்தியை விட்டு எழுந்து போய்ப் போட்டாளாம். "நீ வுட்டா எனுக்கும்தான் கொறையும், ஒழுங்கா முழுங்கு" என்று என் தொடையில் கிள்ளினாள். அவளுக்காக நான் தைத்துக் கொடுத்த பிளவுஸில் உள்பக்கம் ஒரு பை வைத்தேன், எடுத்த பக்கத்துக்கு. நான் பஞ்சு வைத்தேன். அவள் பஞ்சை எடுத்துவிட்டுத் துணியில் கேழ்வரகு கட்டி வைத்துக்கொண்டாள், அதுதான் கனம் சரியாக இருக்கிறதாம். "மழையில நனஞ்சா மொளச்சிடும்கா, அப்ப ரெண்டு போகம்" என்று அவள் சொன்னபோது எதிரே புதிதாக ஆபரேஷன் ஆகி முகத்தை முந்தானையால் மூடி அழுதுகொண்டிருந்த பெண் கூடச் சிரித்துவிட்டாள். இன்றைக்கு அவளுக்காக இன்னொரு பிளவுஸ் தைத்துக் கொண்டுவந்திருக்கிறேன், மாம்பழக் கலரில். அளவு பழைய அளவுதான், ஒரு வருஷத்தில் என்ன பெருத்திருக்கப் போகிறாள்.

ஒரு வருஷமா ஆகிவிட்டது? ஆமாம், இடையில் மார்கழியில் ஒரு தடவை நான் வந்தேன், அவள் வரவில்லை. பெனிட்டாவிடம், "எங்க ஆளு வந்துட்டாளா?" என்று கேட்டதற்கு, "மத்தவங்களப் பத்தி நாங்க சொல்லக் கூடாதும்மா, ரூல்ஸ்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள். பேனா மூடி அவள் கையிலேயே இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொங்கல் வருகிறது, அறுப்பு வேலை இருக்கும், வேறு தேதி வாங்கியிருப்பாள் என்று நினைத்தேன், அன்றைக்குக் காலையிலும் அவளிடமிருந்து ரிங் வந்திருந்ததே. தினமும் வருகிறதே. அது அவள் போட்ட சட்டம். போனில் பேசக் கூடாது. "பேசனா நோயப் பத்திதான்கா பேசுவம், ரெண்டு பேரும் ஒப்பாரி வெப்பம். பேசறத நேர்ல வெச்சிக்கலாம். காலயில ஒரு ரிங் வுடறன், எடுக்காத. நீ ஒரு ரிங் வுடு, நான் எடுக்க மாட்டன். நான் இருக்கறன், நீ இருக்கற. அவ்ளோதான்." அவளிடம் பழைய பட்டன் போன், ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருப்பாள். முதலில் அவள் ரிங் எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் விடியும் முன்னால், ஒருநாள் நான் கடையைத் திறந்த பிறகு, சில நாள் குறும்புக்கு மூன்று தடவை. வரும்வரை எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. வந்துவிட்டால் போதும், என் உடம்பில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று யாரோ முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி எழுந்து வேலையைப் பார்ப்பேன்.

கார்த்திகையில்தான் அது நின்றது. ஒரு வாரம் போல இருக்கும். முதல் நாள் சார்ஜ் இல்லை என்று நினைத்தேன், அடுத்த நாள் மழை, டவர் இல்லை என்று நினைத்தேன், அதற்கடுத்து எனக்கு விலா எலும்பில் வலி ஆரம்பித்துவிட்டது. நிஜமான வலி, படுக்க முடியவில்லை, திரும்ப முடியவில்லை. சட்டத்தை மீறி முழுசாக ரிங் போகவிட்டேன், யாரும் எடுக்கவில்லை. ஓடி வந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை என்றார்கள், ஒன்றுமில்லையென்றால் ஏன் வலிக்கிறது. அப்புறம் ஒருநாள் விடிகாலையில் ரிங் வந்தது. ஒரே ஒரு ரிங். நான் பாயில் உட்கார்ந்து போனை மார்போடு வைத்துக்கொண்டு அழுதேன், பதிலுக்கு ஒரு ரிங் விட்டேன், மத்தியானத்துக்குள் வலி போன இடம் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒருநாள் தவறவில்லை. சொல்லிவைத்த மாதிரி பால்காரன் வருகிற நேரத்துக்கு, ஒரே ஒரு ரிங், முன்னே பின்னே கிடையாது, மூன்று தடவை அடித்துக் கலாட்டா பண்ணுவதும் கிடையாது. பரவாயில்லையே, இவளுக்கும் புத்தி வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

கம்மி என்றாள் பெனிட்டா. திரும்ப வந்தவங்க ரொம்பக் கம்மி. நல்ல செய்திதான், ஆனால் இந்த வார்த்தை செருப்பில் மாட்டின முள் மாதிரி நடக்க நடக்க உறுத்துகிறது. துணி கம்மியாக இருக்கிறது என்று நான் சொன்னால் துணியே இல்லை என்றா அர்த்தம், கொஞ்சம் இருக்கிறது என்றுதானே. அந்தக் கொஞ்சம் யார்? அவர்களுக்கும் பெயர் இருக்கும், பஸ் ஏறி வந்திருப்பார்கள், டப்பாவைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், இதே நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் எவளோ பணியாரம் சுடுவதைப் பார்த்திருப்பார்கள். வேண்டாம், இதை யோசிக்க வேண்டாம். ஜெயித்துவிட்டோம். அவள் வரட்டும். வந்ததும் பெனிட்டா வழக்கம்போல, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்பாள், நான் அவளைக் காட்டுவேன், அவள் என்னைக் காட்டுவாள், "இவளுக்கு நான் தொண, எனுக்கு இவ தொண, எழுதிக்கம்மா" என்பாள். அப்புறம் அந்தக் கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் சோர்வாக இருந்தீர்களா, கடந்த ஒரு வாரத்தில் கவலைப்பட்டீர்களா, கொஞ்சமும் இல்லை, கொஞ்சம், ஓரளவு, மிக அதிகம், இதில் ஒன்று சொல்லுங்கள். "எங்க வூட்டுக்காரரால பட்ட கவலயயும் இதுல சேக்கலாமா?" என்று கேட்டாள் ஒருதடவை, பெனிட்டா சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அந்த வீட்டுக்காரர் கலியமூர்த்தி அண்ணன் அப்போது வெளியே நின்று எங்கள் செருப்புகளுக்குக் காவல் காத்துக்கொண்டிருந்தார். பேசாத மனுஷர். இரண்டு மாட்டைக் கட்டிப் பால் கறந்து ஊற்றுகிறவர், மாட்டிடம்தான் பேசுவார் என்று அவள் சொல்வாள்.

அதோ, அவரேதான். படியேறி வருகிறார். வெள்ளை வேட்டி, கரும்பச்சைச் சட்டை, தோளில் துண்டு, கையில் அவள் மஞ்சள் துணிப்பை. அப்பாடா. வந்துவிட்டார்கள். அவள் நேராக பாத்ரூமுக்குப் போயிருப்பாள், பஸ்ஸில் நாலு மணி நேரம் அடக்கிக்கொண்டு வருகிறவள், எப்போதும் பையை அவரிடம் கொடுத்துவிட்டு அங்கேதான் ஓடுவாள். நான் பக்கத்து நாற்காலியிலிருந்து என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தூண் ஓரமாக உட்காருகிறார். எவ்வளவு இளைத்துவிட்டார், மூக்கும் முழியும்தான் மிச்சம், இவள் சோறு போடுகிறாளா இல்லையா, வந்ததும் கேட்க வேண்டும். அவர் பையைக் காலடியில் வைக்கிறார். பை கலகலவென்கிறது. இல்லை, அது என் பை, என் மடியில் இருக்கிற பை. நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். அவர் காலை நகர்த்துகிறார், பை மறுபடி கலகலவென்கிறது. ஒரு டப்பா சத்தமில்லை, நிறைய டப்பா, நிறைய மாத்திரை. அஞ்சலாட்சியின் பை சத்தம் போடாதே. பந்தியை விட்டு எழுந்து போய்ப் போட்டவளாயிற்றே. பாத்ரூம் கதவு திறக்கிறது, யாரோ ஒரு சுடிதார் போட்ட பெண் வருகிறாள். மறுபடி திறக்கிறது, ஒரு நர்ஸ். அதற்கப்புறம் அது திறக்கவில்லை. நான் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பலாப்பழ வாசனை வரவில்லை.

ஆனால் இன்று காலையிலும் வந்ததே. பால்காரன் சைக்கிள் பெல்லும் அந்த ரிங்கும் ஒன்றாக வந்ததே, நான் பதில் ரிங் விட்டுவிட்டுத்தானே குளிக்கப் போனேன். நேற்று வந்தது, முந்தாநாள் வந்தது, பொங்கலுக்கு வந்தது, என் மகள் பிரசவத்தன்று ஓசூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன், அப்போதும் வந்தது. ஒரே ஒரு ரிங், பால் கறந்து முடிக்கிற நேரம். பால் கறந்து முடித்து, கையைத் துண்டில் துடைத்துவிட்டு, ரப்பர் பேண்டு போட்ட போனை எடுத்து. ஐயோ. நிறுத்தாதீங்க, அக்காவுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா அவளும் படுத்துடுவா, நான் இல்லன்னு தெரிஞ்சா தனக்கும் வந்துடும்னு நெனப்பா, தெனம் ஒரு ரிங் வுட்டுடுங்க. சொல்லியிருப்பாள். அவள் சொல்லக்கூடியவள்தான். நோய் திரும்பிய பிறகு நான் வராத நாளாகப் பார்த்து இந்த ஆஸ்பத்திரிக்கு வந்துபோயிருப்பாள், இந்த வராந்தாவில், இந்த நாற்காலியில், பேச ஆளில்லாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கார்த்திகையில் அந்த ஒரு வாரம். காரியம் முடியும்வரை அந்த மனுஷருக்குப் போன் ஞாபகம் வந்திருக்காது. அவளை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கல்யாண பிளவுஸுக்கு ஜன்னல் வைத்துத் தைத்துக்கொண்டிருந்திருப்பேன். டீ குடித்திருப்பேன். என் விலா வலித்ததே, அது அவளுக்காக வலித்தது என்று வைத்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் இல்லை, ரிங் வந்ததும் போய்விட்ட வலி அது. அவள் மண்ணுக்குள் இருக்கும்போது எனக்கு வலி போய்விட்டது. ஒரே அச்சு என்றாளே. அவள் போய் இத்தனை மாசம் நான் பொரித்த அப்பளம் கேட்டுச் சாப்பிட்டிருக்கிறேன், பேரனைத் தூக்கிக் கொஞ்சியிருக்கிறேன், நன்றாக இருந்திருக்கிறேன். அவளுக்கு ஆனது எனக்கு ஆகவில்லை. அப்படியானால் எனக்கு ஆகாது. இந்த நினைப்பு வந்ததும் அடிவயிற்றில் ஒரு நிம்மதி இறங்குகிறது, நாசமாகப் போக, அவள் செத்த செய்தியில் எனக்கு நிம்மதி வருகிறது, என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். அஞ்சலாட்சி, நான் அப்படி நினைக்கவில்லைடி. நினைத்தேன். நினைத்துவிட்டேன். நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

எழுந்து போகிறேன். என் பையும் கலகலக்கிறது, அந்தச் சத்தத்துக்கு அவர் நிமிர்ந்து பார்க்கிறார். முகம் அப்படியே வெளுத்துப் போகிறது. "ஏம்மா... நீயும் இன்னிக்கித்தானா?" என்று எழுந்திருக்கிறார். "ஆமாண்ணே. அவ எங்க?" என்று கேட்கிறேன். ஏன் கேட்டேன், தெரிந்துகொண்டே கேட்டேன், ஒருவேளை பாத்ரூமைக் கை காட்டுவார் என்று கேட்டேன். அவர் காலால் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளுகிறார். பை கலகலவென்று அத்தனை சத்தம் போடுகிறது. இரண்டு பேரும் அதைக் கேட்டோம். "அவளுக்குக் காலு வீங்கிக்கிச்சிம்மா. பஸ்ல உக்கார முடியல. வேற தேதி கேட்டுகினு போலாம்னு நான் வந்தன்." பொய் சொல்லத் தெரியாத மனுஷர், தரையைப் பார்த்துச் சொல்கிறார், மனப்பாடம் பண்ணி வைத்த பையன் மாதிரி. அண்ணே, எனக்குத் தெரிஞ்சிடுச்சுண்ணே என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவர் உட்கார்ந்து அழுவார், நானும் அழுவேன், அவள் அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன ஒரே வேலையை நான் பிடுங்கின மாதிரி ஆகும். "நல்லா இருக்காளாண்ணே?" என்கிறேன். "நல்லா இருக்கறா. அதான் தெனம் உனுக்கு ரிங் வுடறாளே." "ஆமாண்ணே, வருது. இன்னிக்கும் வந்துச்சு." அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொள்கிறார். "நீயும் திருப்பி வுடற. அந்தச் சத்தம் கேட்டாத்தான்மா வூட்ல அடுப்பே எரியுது. அதுக்கப்பறந்தான் ஒரு வாய் காப்பித்தண்ணி உள்ள எறங்குது... அவளுக்கு" என்கிறார். அவளுக்கு என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். நான் அவர் கையைப் பார்க்கிறேன், விரல்களெல்லாம் காய்ப்பு, இந்தக் கைதான்.

"அண்ணே, அவகிட்ட ஒண்ணு சொல்லணும். நம்ம குரூப் ஜெயிச்சிடுச்சாம். புது மாத்திரைதான் நல்லதுன்னு ரிசல்ட் வந்திருக்காம். நமக்கு அப்பறம் வர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் இனிமே அதத்தான் குடுப்பாங்களாம். அவ ஒருநாள் கூட விடாமப் போட்டாளே, அதுக்கு... நீங்க சொல்லுங்க." அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். "சொல்றன்மா. சந்தோசப்படுவா. கண்டிப்பா சொல்றன்." பெனிட்டா கதவைத் திறந்து அவர் பெயரைக் கூப்பிடுகிறாள், நானும் அவரும் சேர்ந்து நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் மாறுகிறது. நான் தலையை ஆட்டுகிறேன், ஒன்றும் சொல்லாதே என்று. அவர் குனிந்து பையை எடுக்கிறார், சத்தம் வரக் கூடாதென்று இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி அணைத்துத் தூக்குகிறார், அப்படியும் வருகிறது. என் பையில் மாம்பழக் கலர் பிளவுஸ் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா, அவளிடம் கொடுங்கள் என்று கொடுத்தால் அதை வாங்கிக்கொண்டு போய் அவர் எங்கே வைப்பார். கொடுக்கவில்லை.

வெளியே வரும்போது அவர் கையில் பை இல்லை. வெறும் கையை என்ன செய்வதென்று தெரியாமல் துண்டைப் பிடித்துக்கொள்கிறார். "வரன்மா" என்கிறார். "வாங்கண்ணே, பார்த்துப் போங்க." வராந்தாவில் அவர் நடந்து போவதைப் பார்க்கிறேன். அவள் போடாமல் விட்டுப்போன மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, இனி இந்த ஆஸ்பத்திரிக்கு அவருக்கு வர வேண்டிய வேலை இல்லை. படி பக்கம் திரும்பப் போகிறார், நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் போனை எடுத்து அவள் பெயரை அழுத்துகிறேன். அத்தனை சத்தத்துக்கு நடுவில், டோக்கன் மணிக்கும் குழந்தை அழுகைக்கும் நடுவில், அவர் சட்டைப் பையில் அது அடிக்கிறது. ஒரு ரிங். கட் பண்ணிவிட்டேன். அவர் நின்றுவிட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, தூரமாகப் பிடித்துப் பார்க்கிறார், ரப்பர் பேண்டு போட்ட அதே போன். திரும்பிப் பார்க்கவில்லை. தலை குனிந்து, ஒரு விரலால் பட்டனைத் தடவித் தடவி அழுத்துவது முதுகிலிருந்தே தெரிகிறது. என் கையில் அடிக்கிறது. ஒரு ரிங். நின்றுவிட்டது. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய். அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கண்ணைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டுப் படியிறங்குகிறார். நாளைக்கும் பால் கறந்ததும் விடுவார். நானும் விடுவேன், அவர் இருக்கிறவரை, இல்லை நான் இருக்கிறவரை.

"குமுதாம்மா, வாங்க." உள்ளே மேஜை மேல் அவர் கொடுத்த டப்பாக்கள் அடுக்கியிருக்கின்றன, பெனிட்டா அவசரமாக அவற்றை ஒரு டவலால் மூடுகிறாள். நான் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. என் டப்பாவை எடுத்து வைக்கிறேன். "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். "யாரும் வரலைம்மா. இனிமே தனியாத்தான் வருவேன்" என்கிறேன். அவள் கண் நிறைந்துவிடுகிறது, பாவம், சின்னப் பெண், ரூல்ஸை இத்தனை மாசம் வாயில் வைத்து அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேள்விகளை ஆரம்பிக்கிறாள். கடந்த ஒரு வாரத்தில் நன்றாகத் தூங்கினீர்களா. தூங்கினேன். கடந்த ஒரு வாரத்தில் வலி இருந்ததா. இல்லை. "கடந்த ஒரு வாரத்தில நீங்க துக்கமா இருந்தீங்களாம்மா?" அதற்குமேல் அவளால் படிக்க முடியவில்லை, கொஞ்சமும் இல்லை, கொஞ்சம், ஓரளவு, மிக அதிகம் என்பதை நானே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். தினமும் காலையில் ரிங் வந்தது. பால்காரன் பெல்லும் அதுவும் ஒன்றாக வந்தன. மாம்பழக் கலர் துணியை வெட்டும்போது நான் பாடிக்கொண்டே வெட்டினேன். "பொய் சொல்லக் கூடாதில்லையா, ஆராய்ச்சியாச்சே" என்கிறேன். "போன வாரம் பூரா நான் சந்தோஷமாத்தான்மா இருந்தேன்." பெனிட்டா குனிந்து 'கொஞ்சமும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போடுகிறாள்.